40 ஏக்கர், 160 ஏக்கர்: உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய அமெரிக்கா – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க வரலாற்றில் லிங்கன் சுடப்பட்டதற்கும் முதல் உலகப் போருக்கும் இடைப்பட்ட காலம் நம்மில் பலருக்கு ஒரு வெற்றிடம்தான். கௌபாய், சுதந்திர தேவி சிலை, ராக்ஃபெல்லர் என்று தனித்தனியாகச் சில பெயர்கள் தெரியும். இவை எல்லாமே ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள் நடந்தவை, ஒன்றோடொன்று பின்னியவை. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தக் காலத்தில் யாருக்கு நிலம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்த்துக்கொண்டே போனால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

எந்த ஆண்டுகளைப் பற்றிப் பேசுகிறோம்?

1865 முதல் 1900 வரை. அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ளத் தென் மாநிலங்கள் பிரிந்து போனதால் 1861-ல் போர் மூண்டது. 1865 ஏப்ரல் 9 அன்று தெற்கின் தளபதி ராபர்ட் லீ சரணடைந்தார். ஐந்தே நாளில் லிங்கன் சுடப்பட்டார். 1865 முதல் 1877 வரை உள்ள பகுதியை மறுகட்டமைப்புக் காலம் என்பார்கள். அதற்குப் பிறகு வந்தது பெருமுதலாளிகளின் காலம்.

போர் முடிந்தபோது தெற்கு எப்படி இருந்தது?

ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்திருந்தார்கள். பிந்தைய ஆய்வுகள் ஏழரை லட்சம் என்கின்றன. ரிச்மண்ட், அட்லாண்டா, கொலம்பியா நகரங்களில் பெரும்பகுதி சாம்பல். வடக்குப் படையினர் தண்டவாளங்களைப் பிடுங்கி, நெருப்பில் காய்ச்சி, மரத்தைச் சுற்றி வளைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தெற்கு அரசு அச்சடித்த பணத்துக்கு மதிப்பே இல்லை. மிசிசிப்பி மாநிலம் 1866-ல் தன் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கைக் கை கால் இழந்த வீரர்களுக்குச் செயற்கை உறுப்புகள் வாங்கவே செலவிட்டது.

இது வெள்ளையர்களின் தெற்கு. ஏறக்குறைய 40 லட்சம் கறுப்பின மக்களுக்கு அதே ஆண்டு விடுதலை ஆண்டு. விடுதலையானதும் பலர் செய்த முதல் வேலை, விற்கப்பட்டுப் பிரிந்துபோன தாயையும் பிள்ளையையும் தேடிப் புறப்பட்டது. "இந்தப் பெயருள்ள என் அம்மாவை இன்னாருக்கு விற்றார்கள், யாருக்காவது தெரியுமா" என்ற பாணியில் கறுப்பினத்தவர் பத்திரிகைகளில் விளம்பரங்கள் வந்தன. பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அவை நிற்கவில்லை.

"40 ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும்" என்கிறார்களே, அது என்ன?

என்னைப் பொறுத்தவரை இந்தக் காலத்தின் மையக் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1865 ஜனவரி 12 அன்று ஜார்ஜியாவின் சவானா நகரில் வடக்குத் தளபதி வில்லியம் ஷெர்மன் கறுப்பினப் பாதிரியார்கள் இருபது பேரைச் சந்தித்தார். அவர்கள் சார்பில் பேசியவர் கேரிசன் ஃப்ரேசியர், வயது 67. தன் விடுதலையைத் தானே காசு கொடுத்து வாங்கியவர். உங்கள் மக்களுக்கு என்ன வேண்டும் என்ற கேள்விக்கு அவர் தெளிவாகப் பதில் சொன்னார்: நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பில் நாங்களே உழுது பிழைத்துக்கொள்வோம்.

நான்கே நாளில் ஷெர்மன் சிறப்புக் கள ஆணை 15-ஐ வெளியிட்டார். தெற்குக் கரோலினாவின் சார்ல்ஸ்டனுக்குத் தெற்கேயுள்ள கடலோரத் தீவுகள், அதை ஒட்டிய நிலம், ஃபுளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆறு வரை, குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. கோவேறு கழுதை ஆணையில் இல்லை; படைக்குத் தேவைப்படாத கழுதைகளைச் சிலருக்குக் கொடுத்ததால் பேச்சு வழக்கில் சேர்ந்துகொண்டது. சில மாதங்களில் சுமார் 40,000 பேர் நான்கு லட்சம் ஏக்கரில் குடியேறி, விதைத்து, அறுவடைக்குக் காத்திருந்தார்கள்.

லிங்கனுக்குப் பின் அதிபரான ஆண்ட்ரூ ஜான்சன் டென்னஸி மாநிலத்துக்காரர். பிரிந்துபோன தெற்கத்திய நிலக்கிழார்களுக்கு வரிசையாக மன்னிப்பு வழங்கினார், மன்னிப்போடு நிலத்தையும் திருப்பித் தரச் சொன்னார். அந்தச் செய்தியைச் சொல்லும் வேலை விடுதலை பெற்றோர் நல வாரியத்தின் தலைவர் ஆலிவர் ஹோவர்ட் தலையில் விழுந்தது. 1865 அக்டோபரில் எடிஸ்டோ தீவின் தேவாலயத்தில் கூடியிருந்தவர்களிடம் நிலத்தைப் பழைய முதலாளிகளிடம் ஒப்படைக்கும்படி சொல்ல வேண்டியிருந்தது. அந்த மக்கள் அவருக்கும் அதிபருக்கும் மனு எழுதினார்கள். எங்களைக் கட்டி வைத்து அடித்தவனை நாங்கள் மன்னிக்கத்தான் வேண்டுமா, அவனிடமே போய் வேலை கேட்க வேண்டுமா என்பது அதன் சாரம். பலன் இல்லை. பல இடங்களில் ராணுவத்தை வைத்தே அவர்களை வெளியேற்றினார்கள்.

நிலம் கிடைக்காதவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்?

வாரத்துக்குப் பயிரிட்டார்கள். நம் ஊர் வாரக் குத்தகையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிலமும் விதையும் ஏரும் முதலாளியுடையது, உழைப்பு குடியானவருடையது, விளைச்சலில் பாதிக்குப் பாதி. கொடுமை பங்கில் மட்டும் இல்லை, கடனிலும் இருந்தது. அறுவடை வரை சாப்பாட்டுக்கு மளிகைக் கடையில் கடன். வரப்போகும் பருத்திதான் அடமானம். வட்டியும் கணக்கும் கடைக்காரர் கையில். பருத்திக்கு மட்டும்தான் கடன் தருவேன் என்று கடைக்காரர் சொல்வார், எல்லோரும் பருத்தி போட விலை விழும், ஆண்டு முடிவில் பாக்கி நிற்கும், அடுத்த ஆண்டும் அதே நிலத்தில் உழ வேண்டும். ஏழை வெள்ளையர்கள் லட்சக்கணக்கில் இதே வலையில் மாட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொரு பொறி சட்டத்தில் இருந்தது. வேலை ஒப்பந்தம் இல்லாமல் திரிகிறார் என்று ஒருவரைப் பிடித்து அபராதம் போடலாம். கட்ட முடியாவிட்டால் கூலிக்கு விடலாம். கைதிகளைச் சுரங்கத்துக்கும் ரயில் பாதைக்கும் வாடகைக்கு விடும் முறை அப்படித்தான் பெருகியது. அடிமை முறையை ஒழித்த 13-வது திருத்தத்திலேயே "குற்றத்துக்கான தண்டனையாகத் தவிர" என்று ஒரு விலக்கு இருந்தது.

13, 14, 15-வது திருத்தங்களுக்கு என்ன வேறுபாடு?

தேர்வுக்குப் படிப்பவர்களுக்குச் சுருக்கமாக: 1865-ல் வந்த 13-வது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868-ல் வந்த 14-வது, அமெரிக்க மண்ணில் பிறந்து அதன் அதிகார வரம்புக்கு உட்பட்ட எல்லோரும் குடிமக்கள் என்றது, சட்டத்தின் முன் சமப் பாதுகாப்பையும் உறுதி செய்தது. 1870-ல் வந்த 15-வது, இனத்தையோ நிறத்தையோ முன்பு அடிமையாக இருந்ததையோ காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது.

15-வதில் பெண்கள் இல்லை. சூசன் பி. ஆன்டனி 1872-ல் துணிந்து வாக்களித்துக் கைதானார். நூறு டாலர் அபராதம் போட்டார்கள், அவர் கட்டவே இல்லை. இந்த மூன்றில் 14-வதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே மூன்று இடங்களில் எதிர்பாராத விதத்தில் மறுபடி வரும்.

கறுப்பினத்தவர் உண்மையிலேயே ஆட்சியில் பங்கு பெற்றார்களா?

பெற்றார்கள், அதுவும் அப்போதே. 1867-ல் நாடாளுமன்றம் ஜான்சனை மீறித் தெற்கின் பத்து மாநிலங்களை ஐந்து ராணுவ மாவட்டங்களாகப் பிரித்தது. கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தந்தால்தான் திரும்பச் சேரலாம் என்றது. ஜான்சன் மீது பதவி நீக்கத் தீர்மானமும் வந்தது, 1868-ல் செனட்டில் ஒரே ஒரு வாக்கில் தப்பினார். 1870-ல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் முதல் கறுப்பின செனட்டர் ஆனார். கீழ்மட்டப் பதவிகளையும் சேர்த்தால் சுமார் 2,000 பேர் பொறுப்பில் இருந்தார்கள். தெற்குக் கரோலினா சட்டமன்றத்தின் கீழவையில் அவர்களே பெரும்பான்மை. தெற்கில் அரசுப் பள்ளிக்கூட அமைப்பை நிறுவியது பெரும்பாலும் இந்த அரசுகள்தான், ஏழை வெள்ளைப் பிள்ளைகளும் அதில்தான் படித்தார்கள்.

எனக்குப் பிடித்தவர் ராபர்ட் ஸ்மால்ஸ். 1862 மே மாதம், அடிமையாக இருந்தபோதே, சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து தெற்குப் படையின் 'பிளான்டர்' கப்பலைக் குடும்பத்தோடு ஓட்டிக்கொண்டு போய் வடக்குக் கடற்படையிடம் ஒப்படைத்தவர். கேப்டனின் தொப்பியை மாட்டிக்கொண்டு, கோட்டைகளைக் கடக்கும்போது சரியான சைகை ஒலியையும் கொடுத்தார். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். பொஃபர்ட் ஊரில் தன் முன்னாள் எஜமானரின் வீட்டையே விலைக்கு வாங்கிக் குடியிருந்தார்.

அப்புறம் ஏன் எல்லாம் கலைந்து போனது?

வன்முறை முதல் காரணம். டென்னஸியின் புலாஸ்கி ஊரில் தொடங்கிய கு கிளக்ஸ் கிளான் முகமூடிப் படை வாக்காளர்களையும் ஆசிரியர்களையும் இரவில் வேட்டையாடியது. அதிபர் கிராண்ட் 1871-ல் கடும் சட்டத்தையும் ராணுவத்தையும் கொண்டு அதை அடக்கினார். ஆனால் வேறு பெயர்களில் அதே ஆட்கள் திரும்பினார்கள். 1873 ஈஸ்டர் ஞாயிறன்று லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் பல பத்துக் கறுப்பினத்தவரைக் கொன்றார்கள், அவர்களில் பலர் சரணடைந்த பிறகு கொல்லப்பட்டவர்கள். 1876-ல் அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், 14-வது திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனிநபர்களை அல்ல என்று சொல்லித் தண்டனையை ரத்து செய்தது.

அடுத்தது பணம். 1873 செப்டம்பரில் ஜே குக் வங்கி நிறுவனம் ரயில் பத்திரங்களில் மூழ்கித் திவாலாக, பல ஆண்டு மந்தம் பிடித்தது. வடக்கு வாக்காளர்களுக்குத் தெற்கின் பிரச்சினை அலுத்துவிட்டது. 1876 அதிபர் தேர்தல் முடிவு தகராறில் போய் நின்றது. கடைசியில் 185-க்கு 184 என்று ரதர்ஃபோர்ட் ஹேய்ஸ் அதிபரானார். 1877 ஏப்ரலில் தெற்கில் மிச்சமிருந்த படையினரைத் தலைமைச் செயலகங்களிலிருந்து விலக்கிக்கொண்டார். ஜூலையில் அதே ஹேய்ஸ் ரயில்வே வேலைநிறுத்தத்தை அடக்க ராணுவத்தை அனுப்பினார். வாக்காளரைக் காக்கப் படை இல்லை, கம்பெனியைக் காக்க இருந்தது என்று யாராவது சொன்னால் என்னால் மறுக்க முடியாது.

கறுப்பினத்தவரை விலக்க 1890-ல் மிசிசிப்பி வாக்களிக்கத் தலைவரியும் எழுத்தறிவுத் தேர்வும் வைத்தது; மற்ற மாநிலங்கள் பின்பற்றின. 1896-ல் உச்ச நீதிமன்றம் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனி ரயில் பெட்டிகளைச் சரி என்றது. இதெல்லாம் மாற 1960கள் வரை ஆனது.

மேற்கே நிலம் இலவசமாகக் கிடைத்தது என்பது உண்மையா?

உண்மை. போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1862 மே 20 அன்று, லிங்கன் குடியிருப்பு நிலச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 160 ஏக்கர், சிறு கட்டணம் மட்டும், ஐந்து ஆண்டு தங்கி வீடு கட்டிப் பயிரிட்டால் பட்டா. பெண்கள் தனியாக விண்ணப்பிக்கலாம். குடிமகனாகும் எண்ணத்தைப் பதிவு செய்திருந்தால் வெளிநாட்டிலிருந்து வந்தவரும் விண்ணப்பிக்கலாம். மொத்தத்தில் சுமார் 16 லட்சம் பேருக்கு 27 கோடி ஏக்கர், அதாவது நாட்டின் நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு போனது.

வாழ்க்கை சுலபமாக இல்லை. மரமே இல்லாத சமவெளியில் புல் வேரோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கி வீடு கட்டினார்கள். மழை பெய்தால் கூரை சேறாக ஒழுகும். 1874-ல் வெட்டுக்கிளிக் கூட்டம் கன்சாஸ், நெப்ராஸ்கா பயிர்களைத் தின்று தீர்த்தது. மழை குறைந்த நிலத்துக்கு 160 ஏக்கர் போதவும் இல்லை. பலர் விட்டுவிட்டுப் போனார்கள். அடியாட்களின் பெயரில் விண்ணப்பித்து மர வியாபாரிகளும் மாட்டுப் பண்ணையாளர்களும் வளைத்த நிலமும் உண்டு.

இப்போது இந்த மூன்று எண்களை அருகருகே வையுங்கள். குடியேறியவருக்கு 160 ஏக்கர். ரயில் கம்பெனிகளுக்கு ஏறக்குறைய 13 கோடி ஏக்கர். இருநூறு ஆண்டுக்கு மேல் கூலியில்லாமல் உழைத்தவர்களுக்குக் கொடுத்த 40 ஏக்கரையும் பிடுங்கிக்கொண்டார்கள். 1866-ல் தெற்கிலும் ஒரு குடியிருப்பு நிலச் சட்டம் வந்ததே என்று கேட்பார்கள். வந்தது, மிச்சமிருந்ததெல்லாம் பெரும்பாலும் சதுப்பும் பைன் காடும். கையில் முதலும் மாடும் இல்லாதவர்களால் அங்கே நிலைக்க முடியவில்லை, 1876-ல் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். சில கறுப்பினக் குடும்பங்கள் மேற்கே போய்ப் பட்டா வாங்கின. 1877-ல் அவர்கள் அமைத்த நிக்கோடெமஸ் என்ற ஊர் கன்சாஸில் இன்னும் இருக்கிறது.

கொடுத்த அந்த நிலம் அதற்கு முன் யாருடையது?

பூர்வகுடிகளுடையது. லக்கோட்டா, செயென், அரபஹோ, நெஸ் பெர்ஸ், கொமான்சி என்று பல தேசங்கள். ஒப்பந்தம் போடுவது, தங்கமோ ரயிலோ வந்ததும் மீறுவது என்பது வழக்கமாகவே இருந்தது.

பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதி சரியான உதாரணம். 1868 லாரமி கோட்டை ஒப்பந்தம் அதை லக்கோட்டாக்களுக்கே விட்டுவைத்தது. 1874-ல் ஜார்ஜ் கஸ்டரின் படை அங்கே தங்கம் இருப்பதாக அறிவித்தது, கூட்டம் நுழைந்தது. 1876 ஜூன் 25 அன்று லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லக்கோட்டா, செயென் வீரர்கள் கஸ்டரையும் அவரோடிருந்த 200-க்கும் மேற்பட்டவர்களையும் அழித்தார்கள். அடுத்த ஆண்டே அரசு மலையைப் பறித்துக்கொண்டது. நூறு ஆண்டு கழித்து, 1980-ல், அது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டு பத்துக் கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு விதித்தது. லக்கோட்டாக்கள் பணத்தைத் தொடவில்லை. மலைதான் வேண்டும் என்கிறார்கள்.

துப்பாக்கியைவிடப் பசி அதிகம் சாதித்தது. மூன்று கோடி என்று மதிப்பிடப்படும் காட்டெருமைகள் 1880களின் முடிவில் ஆயிரம் அளவுக்குச் சுருங்கின. தோல் கிழக்கத்தியத் தொழிற்சாலைகளில் எந்திரப் பட்டைகளுக்குப் போனது. எருமை போனதும் சமவெளி மக்களின் உணவு, உடை, கூடாரம் மூன்றும் போயின. 1890 டிசம்பர் 29 அன்று வூண்டட் நீ ஓடையருகே படையினர் லக்கோட்டாக்களைச் சுட்டதில் 150 முதல் 300 பேர் இறந்தார்கள், பெண்களும் குழந்தைகளும் நிறைய.

நிலத்தைக் கரைத்தது 1887 டாஸ் சட்டம். பொதுவில் இருந்த பூர்வகுடி நிலத்தைக் குடும்பத்துக்கு 160 ஏக்கர் என்று கூறுபோட்டு, "மீதி" என்று சொன்னதை வெள்ளையருக்கு விற்றார்கள். அப்போது 13.8 கோடி ஏக்கராக இருந்தது 1934-ல் 4.8 கோடி ஆகியிருந்தது. பிள்ளைகளைப் பென்சில்வேனியாவின் கார்லைல் போன்ற உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய் முடியை வெட்டி, தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். தங்கள் நாட்டிலேயே இவர்கள் எல்லோருக்கும் குடியுரிமை கிடைத்தது 1924-ல்.

கௌபாய்கள் காமிக்ஸில் வருவதுபோலத்தான் இருந்தார்களா?

சிவகாசியில் அச்சான கௌபாய் காமிக்ஸ்களைப் படித்து வளர்ந்தவன் என்ற முறையில் கொஞ்சம் வருத்தத்தோடு சொல்கிறேன்: இல்லை. டெக்சாஸ் மாடுகளைக் கன்சாஸின் அபிலீன் போன்ற ரயில் நிலையங்களுக்கு ஓட்டிக்கொண்டு போகும் கூலியாட்கள் அவர்கள். மாதம் முப்பது, நாற்பது டாலர். தூசி, தூக்கமின்மை, வெள்ளத்தில் ஆற்றைக் கடக்கும் ஆபத்து. அவர்களில் கணிசமானோர் கறுப்பினத்தவரும் மெக்சிகோக்காரர்களும். லாசோ, ரோடியோ என்ற சொற்களெல்லாம் ஸ்பானியத்திலிருந்து வந்தவை. டாட்ஜ் சிட்டி போன்ற ஊர்களில் துப்பாக்கியோடு திரியத் தடை இருந்தது. மொத்தக் கூத்தும் இருபது ஆண்டுதான். 1874-ல் ஜோசப் கிளிடன் காப்புரிமை பெற்ற முள்கம்பி திறந்த மேய்ச்சல் நிலத்தை அடைத்தது. 1886-87 குளிர்காலம் மாடுகளை லட்சக்கணக்கில் கொன்றது.

கண்டத்தைக் கடக்கும் ரயில் பாதையைப் போட்டது யார்?

கிழக்கே ஒமாஹாவிலிருந்து யூனியன் பசிஃபிக், மேற்கே சாக்ரமென்டோவிலிருந்து சென்ட்ரல் பசிஃபிக். 1869 மே 10 அன்று யூட்டாவின் புரோமன்டரியில் இரண்டும் சந்தித்தன. கிழக்கிலிருந்து வந்தவர்களில் அயர்லாந்துக்காரர்களும் போரில் சண்டையிட்டுத் திரும்பிய வீரர்களும் அதிகம்.

கஷ்டமான பகுதி மேற்குதான். சியரா நெவாடா மலையின் கருங்கல்லைக் குடைய, குவாங்டாங் பகுதியிலிருந்து வந்த சீனத் தொழிலாளர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் உழைத்தார்கள். உச்சிச் சுரங்கத்தில் நைட்ரோகிளிசரின் வைத்தும் ஒரு நாளில் ஓரிரு அடிதான் நகர முடிந்தது. பனிச்சரிவுகளில் முகாமோடு புதைந்தவர்கள் உண்டு. வெள்ளையருக்குச் சம்பளமும் சாப்பாடும். சீனர்களுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம், அதிலும் சாப்பாட்டுச் செலவு அவர்களுடையது. 1867 ஜூனில் ஆயிரக்கணக்கானோர் சம ஊதியம் கேட்டு ஒழுங்காக, சத்தமில்லாமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனியின் சார்ல்ஸ் குரோக்கர் மலைக்கு உணவு போவதை நிறுத்தி ஒரு வாரத்தில் அதை முறித்தார். இரண்டு எஞ்சின்கள் முட்டி நிற்கும் அந்தப் புகழ்பெற்ற படத்தில் சீனர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

பல மாதப் பயணம் ஏறக்குறைய ஒரு வாரமானது. ஊருக்கு ஊர் இருந்த நேரக் கணக்கு ஒழிந்து, 1883 நவம்பர் 18 முதல் ரயில் கம்பெனிகளே நேர மண்டலங்களை வகுத்தன. அரசு அதைச் சட்டமாக்கியது 1918-ல்!

தொழில்துறை இவ்வளவு வேகமாக வளர்ந்தது எப்படி?

நிலக்கரி, இரும்புத்தாது, எண்ணெய் எல்லாம் உள்நாட்டிலேயே. இறக்குமதிக்கு உயர்ந்த வரி. ஒரே பெரிய சந்தையாக நாட்டை இணைத்த ரயில். ஐரோப்பாவிலிருந்து முதலீடும் ஆட்களும். 1860களின் இறுதியில் சில பத்தாயிரம் டன்னாக இருந்த எஃகு உற்பத்தி 1900-ல் ஒரு கோடி டன். 1880களின் பிற்பாதியிலேயே பிரிட்டனை முந்தியாகிவிட்டது.

ஸ்காட்லாந்திலிருந்து சிறுவனாக வந்த ஆண்ட்ரூ கார்னெகி 1875-ல் பிட்ஸ்பர்க் அருகே எஃகாலை தொடங்கினார், 1901-ல் ஜே.பி. மார்கன் அவருடைய நிறுவனத்தை 48 கோடி டாலருக்கு வாங்கினார். ஜான் ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில், ரயில் கம்பெனிகளிடம் ரகசியத் தள்ளுபடி வாங்கிப் போட்டியாளர்களை நசுக்கி, 1880 வாக்கில் நாட்டின் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் பத்தில் ஒன்பது பங்கைப் பிடித்தது. ஏகபோகத்துக்கு எதிரான சட்டம் 1890-ல் வந்தது. அதை வைத்து ஸ்டாண்டர்ட் ஆயிலை உடைக்க 1911 வரை ஆயிற்று.

கோல்ஃபாக்ஸ் வழக்கில் பார்த்த 14-வது திருத்தம் இங்கே இரண்டாவது முறை வருகிறது. 1886-ல் சதர்ன் பசிஃபிக் ரயில் கம்பெனி வழக்கை ஒட்டி, கம்பெனிகளும் அந்தத் திருத்தத்தின் கீழ் "நபர்கள்"தான் என்ற நிலை உருவானது. விடுதலை பெற்றவர்களுக்காக எழுதிய பாதுகாப்பைக் கம்பெனிகள் அரசுக் கட்டுப்பாடுகளுக்கு எதிராகக் கேடயமாகப் பிடித்தன.

மே தினம் அமெரிக்காவில் பிறந்ததாமே?

ஆமாம். அன்றைய எஃகாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலை சாதாரணம். 1886 மே 1 அன்று எட்டு மணி நேர வேலை கேட்டு நாடு முழுக்க லட்சக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். மே 4 இரவு சிகாகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் யாரோ குண்டு வீசினார்கள். போலீஸாரும் பொதுமக்களும் இறந்தார்கள். வீசியவர் யாரென்று தெரியாமலேயே எட்டுப் பேருக்குத் தண்டனை, நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். 1893-ல் ஆளுநர் ஆல்ட்கெல்ட், விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று சிறையில் இருந்த மூவரை விடுவித்தார். 1889-ல் பாரிஸில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு மே 1-ஐத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் முதல் மே தினத்தை 1923-ல் சென்னைக் கடற்கரையில் கொண்டாடியவர் ம. சிங்காரவேலர். அமெரிக்காவோ செப்டம்பரில் தொழிலாளர் தினம் வைத்துக்கொண்டது.

அந்தக் காலத்தில் குடியேறியவர்கள் யார்?

1870-க்கும் 1900-க்கும் இடையே சுமார் 1.2 கோடிப் பேர். முதலில் ஜெர்மனி, அயர்லாந்து, பிரிட்டன், ஸ்காண்டிநேவியா. 1880களிலிருந்து இத்தாலியர்கள், போலந்துக்காரர்கள், ரஷ்யப் பேரரசில் 1881-க்குப் பிறகு நடந்த தாக்குதல்களுக்குத் தப்பிய யூதர்கள். எல்லோரும் தங்கிவிடவில்லை, இத்தாலிய ஆண்கள் பலர் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள், வளைகுடாவுக்குப் போய்வரும் நம்மவர்களைப் போல.

1892 ஜனவரி 1 அன்று நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையம் திறந்தது. முதலில் பதிவானவர் அயர்லாந்துப் பெண் ஆனி மூர்.

எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்களாமே?

கட்டுக்கதை. அதிகாரிகள் பெயரை எழுதிக்கொள்ளவில்லை, கப்பல் கம்பெனி தயாரித்த பட்டியலோடு ஒப்பிட்டார்கள். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் பிறகு தாங்களே மாற்றிக்கொண்டவர்கள்.

எல்லோருக்கும் கதவு திறந்திருந்ததா?

இல்லை. ரயில் பாதையைப் போட்ட சீனர்களுக்குத்தான் முதலில் மூடியது. 1882 சட்டம் சீனத் தொழிலாளர்கள் வருவதைத் தடுத்தது; 1943 வரை தடை நீடித்தது. 1885-ல் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் சுரங்க ஊரில் வெள்ளைத் தொழிலாளர்கள் 28 சீனர்களைக் கொன்றார்கள், யாருக்கும் தண்டனை இல்லை. 1870 சட்டப்படி குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வெள்ளையராகவோ ஆப்பிரிக்க வம்சாவளியாகவோ இருக்க வேண்டும். ஆசியர்கள் இரண்டிலும் சேரவில்லை. இந்தியர்களுக்கு அந்த வழி திறந்தது 1946-ல்.

இங்கேதான் 14-வது திருத்தம் மூன்றாவது முறை வருகிறது. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த சமையல்காரர் வோங் கிம் ஆர்க் சீனா போய்விட்டு 1895-ல் திரும்பியபோது, நீ குடிமகன் இல்லை என்று இறங்க விடவில்லை. மாதக்கணக்கில் துறைமுகத்துக் கப்பல்களில் வைத்திருந்தார்கள். வழக்குப் போட்டார். 1898-ல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 2 என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது: இங்கே பிறந்தார், அதனால் குடிமகன். விசாவில் போய் அங்கே பிள்ளை பெற்ற எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் குழந்தைகள் அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருப்பது இந்தத் தீர்ப்பால்தான். 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் இந்த உரிமையைச் சுருக்கி ஆணையிட்டதும் நீதிமன்றங்களில் மறுபடி பேசப்பட்ட வழக்கும் இதுவே.

இந்தியாவை இதெல்லாம் அப்போதே பாதித்ததா?

பருத்தி வழியாகப் பாதித்தது. போரில் தெற்குத் துறைமுகங்கள் முற்றுகைக்குள்ளானதும் இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகள் இந்தியப் பக்கம் திரும்பின. பம்பாயில் பணம் புரண்டது. தூத்துக்குடி வழியாகப் போகும் திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கும் கிராக்கி. 1865-ல் போர் முடிந்த செய்தி வந்ததும் பம்பாயில் வங்கிகளும் வியாபாரிகளும் கவிழ்ந்தார்கள். விலை ஏறிய நேரத்தில் கடன் வாங்கிப் பருத்தி போட்ட தக்காணத்து விவசாயிகள் 1875-ல் வட்டிக்காரர்களின் கடன் பத்திரங்களைக் கொளுத்தியதற்கும் இந்த வீழ்ச்சி ஒரு காரணம்.

அமெரிக்கா போகிறோம். இந்தக் காலத்தை எங்கே பார்க்கலாம்?

நியூயார்க்கில் எல்லிஸ் தீவை எல்லோரும் பார்ப்பார்கள். அதோடு மன்ஹாட்டனின் ஆர்ச்சர்ட் தெருவில் குடியிருப்பு அருங்காட்சியகத்துக்கும் போங்கள். புதிதாக வந்த குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த அறைகள் அப்படியே இருக்கின்றன. தெற்குக் கரோலினாவின் பொஃபர்ட்டில் மறுகட்டமைப்புக் காலத் தேசியப் பூங்கா இருக்கிறது, ராபர்ட் ஸ்மால்ஸின் ஊர். நெப்ராஸ்காவின் பியாட்ரிஸில் குடியிருப்பு நிலச் சட்டத்துக்கான பூங்கா. புரோமன்டரி கொஞ்சம் ஒதுக்குப்புறம், சால்ட் லேக் சிட்டியிலிருந்து கார் வேண்டும். இரண்டு பாதைகளும் சந்தித்த அன்று அங்கே அடித்த தங்க ஆணியைத் தேடாதீர்கள். அது கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பே ஏரியாவில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு அதுதான் வசதியும்கூட.